தூக்கப் போகிறவள்

சனிக்கிழமை காலை ஏழே கால் மணி. சேலையூரில் அந்த அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில், விஷ்ணுப்ரியா கூந்தலை இடது கையால் அள்ளிப் பிடித்தபடி கணவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய வலது கை தோளுக்கு மேலே எழும்பி மூன்று மாதமாகிறது.

"இந்த க்ளிப்பைக் கொஞ்சம் போட்டு விடுங்கோ. ஸ்கூலுக்கு நாழியாறது."

அனந்தகிருஷ்ணன் போட்டுவிட்டார், ஒரு கையால். மறு கையில் செல்போன். அதில் யாரோ ஒரு இளைஞர் லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை விளக்கிக்கொண்டிருந்தார். க்ளிப் இடது காதுக்கு மேலே கோணலாக உட்கார்ந்தது.

"ப்ராசசர் பேருக்குப் பின்னாடி ஹெச்னு இருந்தா ஒரு தினுசு, யூன்னு இருந்தா வேற தினுசாம். தெரியுமோ உனக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். லேசா இருக்கணும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷ்ணுப்ரியாவுக்குப் பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் பயிற்சியாளர் வேலை. ஒருநாள் மேடவாக்கம், ஒருநாள் பள்ளிக்கரணை, ஒருநாள் வண்டலூர். ஆசிரியர்களை உட்காரவைத்து, வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் கணினியில் ஏற்றச் சொல்லித்தருவாள். காலையில் மவுஸைத் தொடவே பயந்தவர்கள் சாயங்காலம் தாங்களே ஒரு ரிப்போர்ட்டை அச்செடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காகவே எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறுவாள்.

லேப்டாப் மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம் அதற்கு மடிக்கணினி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் விஷ்ணுப்ரியாவின் லேப்டாப் ஆறு வருடமாக அவள் தோளில்தான் குடியிருந்தது. சார்ஜரோடு மூன்று கிலோ. அந்தத் தோளில் இனிமேல் பாரமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலாளரோ, "முடியலன்னா சொல்லுங்க மேடம், போன் சப்போர்ட்டுக்கு மாத்திடறேன்" என்றார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் ஒரு மூலையில் உட்காரும் வேலை அது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்று இரண்டு வாரம் வாங்கியிருந்தாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த ஐம்பதாயிரம் கையில் இருந்தது. இன்றைக்கு ஒரு லேசான லேப்டாப் வாங்கினால் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் மூலை.

வாங்கும் பொறுப்பை அனந்தகிருஷ்ணன் ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவரே ஏற்றுக்கொண்டார். குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபது வருட சர்வீஸ். மூன்று கொட்டேஷன் வாங்காமல் அங்கே ஒரு போல்ட்கூட உள்ளே நுழையாது. லேப்டாப்புக்கும் அட்டவணை போட்டார். பதினான்கு கட்டங்கள். அடுக்ககத்து வாட்ஸாப் குழுவிலும் கேட்டார்.

கீழ்வீட்டு மோகன்ராஜ், "ஒல்லியா இருந்தா சூடாகும் சார்" என்று எழுதினார். ஒருவர், "தீபாவளி வரைக்கும் பொறுங்க" என்றார். இன்னொருவர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். அனந்தகிருஷ்ணன் குழப்பத்தில் அதையும் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். மேடவாக்கத்திலிருந்து விஷ்ணுப்ரியாவின் தம்பி ஷ்யாம்சுந்தர் போன் செய்தான்.

"அத்திம்பேர், கிராபிக்ஸ் கார்டு இல்லாம வாங்கிடாதீங்கோ. நாளைக்கு வருத்தப்படுவேள்."

அது எதற்கு என்று கேட்க அனந்தகிருஷ்ணனுக்குக் கூச்சம். பதினைந்தாவதாக ஒரு கட்டம் போட்டு அதை எழுதிக்கொண்டார். அது எதற்கென்று எனக்கும் சரியாகத் தெரியாது. கேட்க எனக்கும் கூச்சம். ஆகவே கதை மேலே போகட்டும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மேற்குத் தாம்பரத்துக் கடை ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த விஷ்ணுப்ரியாவின் பையில் பழைய லேப்டாப், மூன்று கையேடுகள், தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, குடை. பழையதை எக்ஸ்சேஞ்சில் போடுவதாக ஏற்பாடு.

விற்பனையாளன் விக்கி ஓடிவந்தான். "வாங்க சார், சொல்லுங்க சார். மேடம், நீங்க உக்காருங்க."

விஷ்ணுப்ரியா உட்காரவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு மெலிசான லேப்டாப்பை இடது கையால் தூக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இது லேசா இருக்கே."

"அது சும்மா காலேஜ் பசங்க வாங்கறது சார்" என்று விக்கி அனந்தகிருஷ்ணனிடம் பதில் சொன்னான். "நீங்க இங்க வாங்க சார். பதினஞ்சு புள்ளி ஆறு இன்ச், கிராபிக்ஸ் கார்டு, சும்மா கெத்தா இருக்கும். பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல."

கிராபிக்ஸ் கார்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அனந்தகிருஷ்ணனுக்குப் பரிச்சயமானவரைப் பார்த்த நிம்மதி. "பட்ஜெட்டுக்கு மேல பன்னண்டாயிரம் போறதே?"

"தவணை போட்டுக்கலாம் சார்."

"இது கனமா இருக்கும் போலிருக்கே" என்றாள் விஷ்ணுப்ரியா.

"நீ கொஞ்சம் சும்மா இரு. இதெல்லாம் டெக்னிக்கல்."

அவள் கையிலிருந்த மெலிசான லேப்டாப்பை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பழைய லேப்டாப்பின் பில் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் இரண்டாயிரம் கூடுதலாகக் கிடைக்கும் என்றான் விக்கி. பில்லைத் தொலைப்பவரா அனந்தகிருஷ்ணன்? வீட்டில் கோப்பில் இருந்தது. ரயில் நிலைய நடைமேம்பாலத்தைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போய் எடுத்துவர வேண்டும். கடை வாசலில் விஷ்ணுப்ரியா பையை நீட்டினாள்.

"படி ஏறணும். இன்னிக்கு ஒருநாள் நீங்க எடுத்துண்டு வாங்கோளேன்."

பத்தாவது படியில் வார் அனந்தகிருஷ்ணனின் தோளைக் கடித்தது. இருபதாவது படியில் பையை இடது தோளுக்கு மாற்றினார். பாலத்தின் நடுவில் இருக்கும்போது கீழே மின்ரயில் வந்து நின்று, கூட்டம் எதிரே பொங்கி ஏறியது. பை யார் யார் மீதோ இடித்தது, யார் யாரோ திட்டினார்கள். மறுபடி வலது தோள். மறுபடி இடது. கிழக்குப் பக்கம் இறங்கியபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

படியடியில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த சரசு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாக்கா, இன்னிக்கு ஆளு வெச்சு தூக்கினு வர்றியா?"

"சரசு, இவர் எங்காத்துக்காரர்."

"ஐயய்யோ! கோச்சுக்காத சார். மூஞ்சி இப்டி வேர்த்துக் கீதா, கூலிக்கு வந்த ஆளுன்னு நெனச்சுட்டேன்." சிரித்துவிட்டு அவள் விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினாள். "தோள்பட்டை எப்டிக்கா கீது? லேசா ஒண்ணு வாங்கணும்னு சொல்லிகினு இருந்தியே, வாங்கிட்டியா?"

அனந்தகிருஷ்ணன் பையைத் தரையில் வைத்தார். "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"தெனம் இங்கதான சார் பைய எறக்கி வெச்சுட்டு, கைய உதறிகினு நிக்குது அக்கா. கேட்டேன், சொல்லிச்சு. இதுல இன்னா சார் கீது?"

உண்மையிலேயே ஒன்றும் இல்லை. கேட்டாள், சொன்னாள். அனந்தகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்து, கூட்டம் இடிக்க இடிக்க நின்று பார்த்தார். விசைப்பலகையின் விளக்கு என்ன நிறம் என்பதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. எடைக்குக் கட்டம் இல்லை. போல்ட்டுக்குக் கிராம் கணக்கில் எடை கேட்கிற மனிதர்.

"நாம பாத்தது எவ்வளவு வெயிட்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டே கால் கிலோ. சார்ஜர் தனியா முக்கால். அங்க அட்டையிலேயே எழுதியிருந்தது."

"நீ ஏன் சொல்லலை?"

"ஆத்துல ஒரு தடவை சொன்னேன். கடையில ரெண்டு தடவை சொன்னேன். சும்மா இருன்னேள். சும்மா இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "திங்கட்கிழமை போன் சப்போர்ட்டுக்குப் போயிடலாம்னு இந்தப் பாலத்து மேலதான் முடிவு பண்ணினேன்."

கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று கேட்கக் கூச்சப்பட்ட அனந்தகிருஷ்ணன், இப்போது பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்கவும் கூச்சப்பட்டார். அதனால் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே பாலம் ஏற ஆரம்பித்தார்.

"பில் ஆத்துல இருக்கே? ரெண்டாயிரம் போயிடும்!"

"போகட்டும்" என்றார். இருபது வருட சர்வீஸில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை.

கடையில் விக்கி எழுந்து நின்றான். "பில் கெடைச்சுதா சார்?"

"இல்லப்பா. அந்த லேப்டாப் வேண்டாம். இனிமே மேடத்தைக் கேளு."

விக்கிக்குப் புரியவில்லை. "மேடம் கலர் செலக்ட் பண்ணுவாங்களா சார்?"

விஷ்ணுப்ரியா மெலிசான லேப்டாப்பின் அருகே போனாள். சார்ஜரோடு சேர்த்து என்ன எடை, புரொஜெக்டர் ஒயர் சொருக இடம் இருக்கிறதா, பழுதானால் தாம்பரத்திலேயே பார்ப்பார்களா என்று கேட்டாள். ஒன்றரை கிலோ, இருக்கிறது, பார்ப்பார்கள். ஐம்பதாயிரத்துக்குள் அடங்கியது. நின்றபடியே நாலு வரி தட்டிப் பார்த்தாள். பையில் போட்டு இடது தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் ஒரு நடை நடந்தாள். இரண்டு வாரக் குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. பிறகு மேலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், திங்கட்கிழமை மேடவாக்கம் ஸ்கூலுக்கு நான்தான் போறேன்."

விக்கி தலையைச் சொறிந்தான். பழக்கதோஷம், அனந்தகிருஷ்ணனிடமே வந்து நின்றான். "சார், உங்களுக்கு இது ஓகேதானே?"

"என்னை ஏம்பா கேக்கறே?" என்றார் அனந்தகிருஷ்ணன். பக்கத்தில் நிற்கும் மனைவிக்கும் கேட்கட்டும் என்றே சற்று உரக்கச் சொன்னார். "வலி அவளுக்கு, வேலை அவளுக்கு, காசும் அவளோடது. முடிவு மட்டும் நான் எடுத்தேன். ஊரையெல்லாம் கேட்டேன், ஆத்துல இருக்கறவளைக் கேக்கலை. ஒருத்தருக்குன்னு ஒண்ணு வாங்கப் போனா, மொதல்ல அவாளைக் கேக்கணும். அவா பதில் சொல்றச்சே நாம வாயை மூடிக்கணும். நாளைக்கு இங்க எந்தப் புருஷன் பெண்டாட்டி வந்தாலும், தூக்கப் போறது யாருன்னு கேட்டுட்டு அவாகிட்ட பேசு."