ஓடு இறக்கிய கோடை

அந்த வீடு கிறிஸ்துராஜுக்குப் பெரியப்பா வழியில் வந்தது. பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கத்தில், சோளக்காட்டுக்கு நடுவே, பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த நாட்டு ஓட்டு வீடு. அவர் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒண்டுக்குடித்தனத்தில் குழாயடிச் சண்டை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். லீவு விட்டால் போதும், மனைவி இசபெல்லாவையும் நாலு வயசு மகள் இன்பமேரியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

முதல் கிறிஸ்துமஸ் லீவு வௌவால் எச்சத்தை வாரிக் கொட்டுவதிலேயே போயிற்று. அப்போதெல்லாம் இசபெல்லாவுக்கு அந்த வீட்டைக் கண்டாலே எரிச்சல். ஆனால் ஈஸ்டருக்குப் போய் ஓடுகளை இறக்கி, கரையான் தின்ற பனங்கைகளைக் கழற்றிப் போட்டபோது, உள்ளே வெயில் விழுந்து தரை தெரிந்தது. அவளுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அடுப்படியில் நின்றால் ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் வேண்டும் என்று அவளே கேட்டாள்.

அந்த வருஷக் கோடை லீவுக்குக் கிளம்பும்போது, அம்மை குத்த ஆள் வருவதாகத் தெருவில் தண்டோரா போட்டார்கள். இன்பமேரிக்குக் கைக்குழந்தையில் குத்தியது கொப்புளமாக எழும்பவில்லை. மறுபடி குத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இருந்து குத்திக்கொண்டு போகலாமா என்று இசபெல்லா கேட்டாள். ஓடெல்லாம் இறக்கி வைத்திருக்கிறது, கோடைமழை ஒன்று அடித்தால் மண்சுவர் கரைந்துவிடும் என்றார் அவர். அவளும் வற்புறுத்தவில்லை. ஜன்னல் நிலை செய்து தயாராக இருப்பதாக ஆசாரி சொல்லியனுப்பியிருந்தான்.

வேலைக்கு ஆண்டியும் அவன் பெண்டாட்டி பழனியம்மாளும் வந்தார்கள். ஏரிக்கு அக்கரையில் அவர்கள் குடிசை. பழனியம்மாள் மண் சுமப்பாள், சுண்ணாம்பு குழைப்பாள், வாய் திறந்து பேசமாட்டாள். இன்பமேரி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். ஒருநாள் மத்தியானம் குழந்தையை மடியில் வைத்து அவள் கம்மஞ்சோறு ஊட்டுவதைப் பார்த்த இசபெல்லா, அப்பாடா, பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறது என்று தன் வேலைக்குப் போய்விட்டாள்.

பாதிக்கூரைக்கு ஓடு போட்டு முடிந்திருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வெயிலில் ஆடியது என்று கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் முகத்தில் முத்து போட்டதும் ஆசாரி உளியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. கிறிஸ்துராஜ் ஊருக்குள் வண்டி கேட்டு அலைந்தார். அம்மை கண்ட குழந்தையை ஏற்ற யாரும் மாடு பூட்டவில்லை. அவர் பஸ் ரோடு வரை நடந்தே போய், டாக்டரைக் கூட்டிவரச் சேலம் புறப்பட்டார்.

டாக்டரோடு அவர் வந்து சேர்ந்தபோது இன்பமேரி இல்லை. ஓடு போட்ட பாதியின் கீழே, வாழையிலை மேல் கிடத்தி, இசபெல்லா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

உடலைச் சேலத்துக் கல்லறைக்குக் கொண்டுபோக விடவில்லை. சுகாதார ஆள் தள்ளி நின்றே பேசினார். ஆழமாக வெட்டி, சுண்ணாம்பு கொட்டி அங்கேயே அடக்கம் பண்ணச் சொன்னார். சுண்ணாம்புக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சுவர் பூச நீற்றி வைத்தது தொட்டி நிறைய இருந்தது. கிறிஸ்துராஜே அள்ளிக் கொட்டினார். பங்குச் சாமியாரால் மறுநாள்தான் வந்து ஜெபம் சொல்லிக் குழியை மந்திரிக்க முடிந்தது.

சேலம் திரும்பியதும் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடப் போவதாகக் கிறிஸ்துராஜ் சொன்னார். "எம்பிள்ளையையும் சேத்தா விப்பீங்க?" என்று இசபெல்லா கேட்டாள். அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் மட்டும் பஸ் ஏறினாள். ஓடு போடாத பக்கத்தில் சுவர் இடுப்பளவுக்குக் கரைந்திருந்தது. வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்றார்கள். பழனியம்மாள் மட்டும் வந்து வாசலில் நின்றாள். கூட அவள் மகன், சின்னப் பையன். முகமெல்லாம் தழும்பு, ஒரு கண் வெள்ளையாக இருந்தது.

இசபெல்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"எப்போ வந்துச்சு இவனுக்கு?"

"நீங்க வாரதுக்கு முந்திங்கம்மா."

"தெரிஞ்சுதான் எம்பிள்ளைய மடியில வெச்சியா?"

பழனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "இவனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டோமுங்க. ஆத்தா எறங்கிட்டான்னுதான் நெனச்சேன். அவ ஊட்டுக்கு வந்தத வெளிய சொல்லக் கூடாதுங்க." பையன் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா அதுவா வந்து ஏறி உக்காந்துச்சுங்க. எறக்கி உட மனசு வரல" என்றாள்.

அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது இசபெல்லாவுக்கு. கை எழவில்லை. தண்டோராச் சத்தம் கேட்டும் கிளம்பி வந்தவள் தானும்தானே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதற்காக இவளை மன்னித்துவிட முடியும் என்றும் தோன்றவில்லை. மண்வெட்டியைக் காட்டினாள்.

"அந்தப் பக்கத்துச் சுவரை எடுத்துக் கட்டணும். உள்ளே மட்டும் வராதே."

ஒவ்வொரு லீவுக்கும் வந்து, இரண்டு பேருமாகத்தான் அந்தச் சுவரை எழுப்பினார்கள். மண் குழைப்பது, கல் எடுத்துக் கொடுப்பது தவிர அவர்களுக்குள் பேச்சில்லை. ஓடு வேய மட்டும் ஆண்டி வந்தான். அடுப்படியில் ஜன்னல் வைக்க ஒதுக்கிய இடத்தை இசபெல்லா கல் வைத்து அடைத்துவிட்டாள். குழி அந்தப் பக்கம் இருந்தது.

வீடு முடிந்த வருஷம் அவள் சேலத்துக்குத் திரும்பவில்லை. கிறிஸ்துராஜ் கூப்பிட்டுப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், கடைசியில் அவளுடைய துணிமணிகளைத் தானே பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார். பிறகு லீவுக்கு லீவு வந்துபோனார். வந்தால் குழிமேட்டில் முளைத்த புல்லைப் பிடுங்குவார், வெளிவாசலில் கட்டில் போட்டுப் படுப்பார். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு நாளும் அவர் தூங்கியதில்லை.