சிங்கம் போட்ட கடுதாசி

"அந்தக் கடுதாசி சர்க்காருக்க சொத்தாக்கும் மைனி, அதை நாம வச்சிருக்கதே—"

"சர்க்காருக்கு எழுதினதில்ல, உனக்க அண்ணனுக்கு எழுதினது. அவரு அதை எங்க குடுத்தாரோ அங்கதான்—"

"குடுத்தாரா, தொங்க விட்டாரா? ரெண்டும் ஒண்ணா?"

"தொங்க விட்ட ஆளு போயாச்சு. எடுக்கச் சொல்ல நீ ஆரு?"

"நான் எடுக்கச் சொல்லல்ல. தில்லி ஆளு கேக்காரு, குடுத்து விடுங்கன்னு சொல்லுதேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று மோகனன் சொன்ன விதம் கார்த்தியாயினிக்குப் பிடிக்கவில்லை. கணவரின் தம்பி அவன். இளவயதில் வாயும் நீளும், கையும் நீளும். கத்துவான், அடங்குவான், சாப்பிட உட்கார்ந்துவிடுவான். குவைத்தில் எண்ணெய் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன் சத்தத்தைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அந்தத் தாழ்ந்த சத்தம்தான் அவளை அடுக்களைப் படியில் நிற்கவிடாமல் அடித்தது.

உள்ளறையில் சோமன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு காகிதக் கட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தான். தில்லியில் ஒரு நூலகத்தில் வேலை, ஊர் திருவனந்தபுரம். கார்த்தியாயினியின் கணவர் சதானந்தன் பாறசாலைக்கு அப்புறமிருந்து தில்லிக்குப் போய் வாத்தியாராகி, ஒரு ஜனாதிபதியின் வாழ்க்கையை இங்கிலீஷில் புத்தகமாக எழுதியவர். ஜனாதிபதியும் காலமாகிவிட்டார், எழுதியவரும் போய்விட்டார். மிஞ்சினவை மரப்பெட்டிகள்: கடிதங்கள், கார்பன் நகல்கள், அடித்துத் திருத்திய அத்தியாயங்கள். கரையான் ஏறுவதற்குள் எங்காவது பத்திரமாக இருக்கட்டும் என்று அவள்தான் நூலகத்துக்குச் சம்மதம் எழுதினாள். எழுதும்போது சுவரில் தொங்குகிற ஒன்றை அவள் நினைக்கவில்லை.

அது தொங்கியது அவள் வீட்டுச் சுவரில் அல்ல, ரெபேக்காளின் குடிசைச் சுவரில்.

குடிசை நின்ற மண் மோகனனின் பங்கு. ரெபேக்காளின் மாமனார் காலத்திலிருந்தே அங்கே குடியிருப்பு. குடிசை போட்டு இருக்கிறவனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்த வருஷம், நெய்யாற்றின்கரைப் பக்கம் எத்தனையோ இடங்களில் சட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் கடப்பாரை வந்து சேர்ந்தது. மோகனனும் ஆள் கூட்டிக்கொண்டு வந்தான், துணைக்கு ஒரு ஹெட் கான்ஸ்டபிளோடு. சதானந்தன் தம்பியிடம் சொல்லிப் பார்த்தார், அவன் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்தார், கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்தார், நேரே போய்க் குடிசையின் முன்சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடிதத்தின் தலையில் சிங்க முத்திரை. கீழே முழுக்க ஜனாதிபதியின் கையெழுத்து. வரி வரியாக எறும்பு ஊர்ந்த மாதிரி. ஹெட் கான்ஸ்டபிள் சிங்கத்தைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தார், விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார், போய்விட்டார். கடப்பாரைகளும் அவர் பின்னால் போயின.

குடிசையைத் தொடாதே என்று ஜனாதிபதியே எழுதிவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. ரெபேக்காள் அதை ஏசுவின் படத்துக்குப் பக்கத்தில் மாற்றி மாட்டினாள். கல்ஃப் வேலைக்காகப் பனச்சமூட்டில் ஏஜெண்டைப் பார்க்கப் போகிற பையன்கள் வழியில் குடிசைக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று சதானந்தன் சாகும்வரை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லவில்லைதான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்தியாயினிக்குத் தெரியும். ஜனாதிபதியின் கிறுக்கலைப் படித்து டைப் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். சதானந்தனுக்கே எழுத்துப் பிடிபடாமல் தாளை அவளிடம் நீட்டுவார். அந்தக் கடிதம் மூட்டுவலியைப் பற்றியது. இங்கே ஒரு வைத்தியர் காய்ச்சிய எண்ணெயைச் சதானந்தன் குப்பியில் அடைத்து அனுப்பியிருந்தார். முதல் இரண்டு நாள் சுகமாக இருந்தது, மூன்றாம் நாள் அரிக்கிறது, வெந்நீரில் கழுவலாமா என்று கேட்டிருந்தார் ஜனாதிபதி. கடைசியில், ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிற குதிரை ஆண் அல்ல, பெண் என்றொரு திருத்தம். அவ்வளவுதான் கடிதம்.

அடுத்த வாரம் நில டிரிப்யூனலிலிருந்து ஆள் வந்து குடிசையைப் பார்க்கவேண்டும். பார்த்து எழுதிவிட்டால் பத்து சென்ட் ரெபேக்காளுக்கு. வருகிறவன் கண்ணுக்கு வெறும் மண்தான் தெரிந்தது என்றால், அங்கே குடிசை இருந்ததற்குச் சாட்சி சொல்ல மோகனனுக்கு எதிராக எவன் வருவான்? கார்த்தியாயினி போவாள். அவள் ஒருத்தி சொல் எத்தனை தூரம் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வினை சோமன் வாயிலிருந்துதான் வந்தது. எண்ணெய் அனுப்பிய கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்துவிட்டது; அதற்கு வந்த பதிலைக் காணோம் என்று அவளிடம் கேட்டான். தொலைந்திருக்கும் என்றாள். மறுநாள் மோகனன் வந்து குவைத்துச் சோப்பு ஒன்றை மரியாதைக்கு நீட்டியபோது, ஜனாதிபதி தன் கைப்பட எழுதியதில் ஒரு கடிதம் மட்டும் அகப்படவில்லை என்று சோமன் பொதுவாக அலுத்துக்கொண்டான். "அதுக்கென்ன சார், அது நம்ம புரயிடத்துல, ரெபேக்காளுக்க குடிசையில தொங்குதே," என்றான் மோகனன். சோமனின் முகம் மலர்ந்தது. மோகனனின் முகமும்.

சோமனிடம் கெஞ்சலாமா என்று கார்த்தியாயினி நினைத்ததுண்டு. ஆனால் முந்தைய தினம்தான், ஒரு கடிதத்தில் சதானந்தன் தன் மாமனாரைக் கஞ்சன் என்று எழுதியிருப்பதை மட்டும் கிழித்துவிடலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தாள். சோமன் சிரிக்கவில்லை. தாளை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக் கட்டுக்குள் வைத்துவிட்டு, எழுதினது எழுதினதுதான் சேச்சி, ஒரு புள்ளியை மாற்றவும் நமக்கு அதிகாரமில்லை என்றான். அப்படிப்பட்ட மனுஷன்.

"அது ரெபேக்காளுக்க வீட்டுல இருக்குது. அவகிட்ட கேளு," என்றாள் இப்போது.

"கேக்கத்தான் போறோம். நீங்களும் வாருங்க." மோகனன் குரலை இன்னும் இறக்கினான். "எனக்க பாஸ்போர்ட்டுலயும் அதே சிங்கம் உண்டு மைனி. குவைத்துல தினமும் எடுத்துப் பாப்பேன். இந்தச் சிங்கத்தைக் கண்டுதானே அண்ணைக்குத் திரும்பி நடந்தோம்னு தோணும். ஒருநாள் உக்காந்து உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்தேன். எனக்க பேரும் கன்னத்து மறுவும். வேற ஒண்ணும் இல்ல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

குடிசைக்கு முன்னால் வெட்டுக்கல் வந்து இறங்கிக் கிடந்தது. மோகனனின் புது மாடிவீட்டுக்கு வழி வேண்டும்; வழி குடிசையைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் போகும். கள்ளிக்காட்டிலிருந்து வந்த வேலைக்காரர்கள் பிலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கடப்பாரைகள் மரத்தில் சாய்ந்திருந்தன. யாரும் அவசரப்படவில்லை. ரெபேக்காளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, செம்பைக் கழுவி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான் ஒருவன். கொடுத்தவன் அப்படியே அண்ணாந்து, வாரிகளெல்லாம் நல்ல வைரம் பாய்ந்த தடி, உடையாமல் கழற்றினால் இன்னொரு கூரைக்கு ஆகும் என்று அவளிடமே சொன்னான். தன் கூரையைப் பற்றித்தான் பேசுகிறான் என்று ரெபேக்காளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஆட்டை அவிழ்த்து உள்ளே கட்டினாள்.

உள்ளே பாலையன், அவள் புருஷன், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். பேச்சு போய் நாளாகிவிட்டது. கண் மட்டும் சுவரையே பார்த்தது.

"அக்கா, என்னவாக்கும் எல்லாரும் சேந்து?" என்று கேட்டாள் ரெபேக்காள்.

சோமன் தன்மையாகச் சொன்னான். கடிதம் தில்லியில் பத்திரமாக இருக்கும். கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். இதே மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிறேன், அதை மாட்டிக்கொள்ளலாம். ரெபேக்காள் அவனைப் பார்க்கவில்லை. கார்த்தியாயினியைப் பார்த்தாள்.

"போட்டோவுக்கு ஆராவது சல்யூட் வைப்பினுமா அக்கா?"

மரத்தடியில் ஒருவன் சிரித்தான். மோகனன் கை காட்டினான், சிரிப்பு நின்றது.

அவனே உள்ளே போய்க் கடிதத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். சுவரில் அது இருந்த இடம் மட்டும் புகை படியாமல் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. வேலைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அதைக் கழற்றுகிற வரைக்கும்தான் உட்காரச் சொல்லியிருந்தான் போலும்.

மோகனன் கண்ணாடியைத் துடைத்தான், ஒரு பாடு நேரம் உற்றுப் பார்த்தான். அவனுக்குப் பிடிபடவில்லை. கார்த்தியாயினி மூச்சை விட்டாள். ஆனால் அவன் அதைச் சோமனிடம் கொடுக்கவில்லை. அவளிடம் நீட்டினான்.

"இது போறதுக்கு முன்ன ஒருக்கா வாசியுங்க மைனி. இத்தனை வருஷம் இதுக்குப் பயந்து கெடந்திருக்கேன். என்னன்னு கேட்டுட்டுப் போகட்டும். எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் வாங்கிக்கொண்டாள். எறும்பு ஊர்ந்த வரிகள் அவளுக்குத் தினத்தாள் மாதிரித் தெளிவாகத் தெரிந்தன: மூட்டு, அரிப்பு, வெந்நீர், குதிரை. மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு சொல்லைத் தவிர. இரண்டாம் வரியில், ஜனாதிபதி எந்த யோகத்திலோ தனித்தனி எழுத்தாக, குழந்தைகள் எழுதுவதுபோல் எழுதிவைத்த மூன்று எழுத்து. எண்ணெய் என்பதற்கான இங்கிலீஷ் சொல். ஐந்து வருஷம் மோகனன் ஓட்டிய லாரியின் முதுகில் ஆள் உயரத்துக்குச் சிவப்பில் எழுதியிருந்ததும் அதே மூன்று எழுத்துதான். அவன் படித்த இங்கிலீஷ் கொஞ்சமே என்றாலும் அது போதும். இன்னும் ஒருமுறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான்.

கண்ணாடியைச் சரியாகப் பிடிக்கிறவள் மாதிரி, பெருவிரலை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள்.

பிறகு வாசித்தாள். ஜனாதிபதியின் வாக்கியம் எங்கே தொடங்கும், எங்கே மூச்சு வாங்கும், எந்த இடத்தில் நண்பரே என்று திரும்பும் என்று அவளுக்கு அத்துப்படி. எத்தனை நூறு கடிதம் அடித்துக் கொடுத்திருப்பாள். தயங்காமல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். உங்கள் ஊரில் உங்கள் குடும்பத்தை அண்டி நிற்கும் ஏழைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள், நண்பரே. ஒருவன் தலைக்கு மேலிருக்கும் கூரை சிறியதா பெரியதா என்று அரசாங்கம் பார்ப்பதில்லை. அதைத் தொடுகிறவன் என்னைத் தொட்டவன் என்று உங்கள் சகோதரருக்கு என் அன்புடன் தெரிவியுங்கள்.

ரெபேக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டிலில் பாலையன் என்னவோ சத்தம் எழுப்பினான். கடப்பாரையில் கை வைத்திருந்தவன் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

மோகனன் சோமன் பக்கம் திரும்பினான். "சாரே, நீங்க படிச்ச ஆளு. அங்ஙனதான் எழுதியிருக்கா?"

சோமன் அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றான். இத்தனை நாள் அதே கையெழுத்தோடு மல்லுக்கட்டி, அவனுக்கும் அங்கங்கே பிடிபடத் தொடங்கியிருந்தது. எண்ணெய்க்கு வந்த பதிலைத் தேடிக்கொண்டிருந்தவன் அவன். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் கண் உண்மையைச் சொல்லிவிடும், அல்லது தன்னுடையது.

சோமன் பிறகு கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். கையெழுத்து மோசம், இதைப் படிக்கத் தெரிந்தவர் சேச்சி ஒருத்திதான் என்றான். இது குடும்ப விஷயமாக எழுதினது, நூலகத்துக்கு வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றான். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்துதான் வந்ததா என்கிற மாதிரி கீழே பார்த்தான்.

வேலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கடப்பாரையைத் தோளில் தூக்கி வழிப் பக்கம் திரும்பியும் விட்டான். ரெபேக்காள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்கி மாட்டுவதற்காகக் கையை நீட்டினாள்.

மோகனன் நகரவில்லை. அவன் கார்த்தியாயினியின் முகத்தைப் பார்க்கவில்லை, சோமனையும் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசித்து முடித்த பிறகும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. நகத்தைச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது. ஓரடி முன்னால் வந்தான். அண்ணனைக் கூப்பிடும்போது எப்படிக் கூப்பிடுவானோ அத்தனை மெதுவாகக் கேட்டான்.

"மைனி, அந்தப் பெருவிரலை இச்சிரிபோலம் எடுங்க, பாப்போம்."