வெதுக்கை

பன்னிரண்டு நாட்களாக அந்தச் சீட்டு மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அகராதி அலுவலகத்தில் மற்றச் சொற்கள் எல்லாம் அச்சுக்குப் போய்விட்டன. 'வ' வரிசையை அன்று மாலை ஐந்து மணிக்கு முடித்துவிடுவார்கள்.

சீட்டில் இருந்தது அங்கே வேலைபார்க்கும் அவள் கையெழுத்து: 'வெதுக்கை. ஒருவர் எழுந்து போன நாற்காலியில் மீந்திருக்கும் சூடு.' வெதுவெதுப்பையும் இருக்கையையும் ஒட்டவைத்து அவளுடைய அக்கா எட்டு வயதில் செய்த சொல். அவர்கள் இருவரைத் தாண்டி அது வாசல்படி இறங்கியதில்லை. "எந்திரிடி, வெதுக்கையக் குடு" என்று குளிர்நாட்களில் அடித்துக்கொள்வார்கள்.

புத்தகத்தில் ஏறாத பேச்சுச் சொல்லுக்கு அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறைந்தது இரண்டு பேராவது அதைப் பேசவேண்டும். சீட்டு எழுதியவர் ஒருவர். இன்னொருவரைப் பதிப்பாசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார். சொல் தானாக வாயில் வந்தால் அகராதியில் இடம்; வராவிட்டால் குப்பைக்கூடை.

சீட்டில் அக்காவின் எண் இல்லை.

"என்னம்மா, உன் வெதுக்கை கிணத்துல போட்ட கல்லாட்டம் கிடக்கு? எனக்குப் பிடிச்ச வார்த்தை, விட மனசில்ல" என்றார் பதிப்பாசிரியர்.

"அக்கா வெளியூர் சார்."

"போன வாரமும் வெளியூர்தான். உங்க அக்கா என்ன மந்திரியா, சுற்றுப்பயணம் போக?"

பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்ப்பவர் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

முந்தின நாள் வீட்டில் சோதித்துப் பார்த்திருந்தாள். நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். எழுந்து சுவர்வரை நடந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். சூடு இருந்தது. ஆனால் தன் சூட்டில் தானே உட்கார்ந்தால் அதற்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை.

நாலே முக்காலுக்குப் பதிப்பாசிரியர் தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார்.

"நம்பரச் சொல்லு. நாற்காலி வாங்கறதப் பத்தி ஆரம்பிக்கிறேன், அவங்க வாயிலேயே வந்துடும்."

ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். மணி அடித்து ஓயும். யாரும் எடுக்கவில்லையே என்று அவரும் மனமிரங்கிச் சேர்த்துவிடக்கூடும். உண்மையைச் சொன்னால் சொல் போய்விடும்.

அவர் விரல் எண்களின்மேல் காத்திருந்தது.

"அவ பேசமாட்டா சார்."

"ஏன், உன்ன மாதிரி கூச்சமா? நான் பேசவைக்கிறேன் பாரு."

"இல்ல சார்." அவள் குரல் அவளுக்கே எங்கேயோ கேட்டது. "அக்கா செத்துப்போய் ரெண்டு மாசமாச்சு."