ஆட்டின் ஜாக்கி

"சீக்கிரம் போடும்மா. வராதவங்களுக்காக ஆட்டம் நிக்காது," என்றார் வெண்டல், எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தபடி.

சீட்டுப் போடுபவள் மாரிசெல், சூதாட்ட விடுதியின் ஊழியர். ஆள் இல்லாத நாற்காலிக்கும் இரண்டு சீட்டுகளை வைத்தாள். உடனே அவற்றை இழுத்துக்கொண்டாள். கட்டாயப் பந்தயத்துக்கான வில்லைகளை அந்த நாற்காலிக்கு முன்னால் இருந்த அடுக்கிலிருந்து எடுத்து நடுவில் தள்ளினாள். போட்டி விதி அது. ஒவ்வொரு சுற்றிலும், இன்னும் வந்து சேராத ஆர்லீனின் அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. வெண்டலுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உள்ளே இனித்தது.

"உங்க பொண்டாட்டிதானே அது?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த கிளீட்டஸ் என்ற டெக்சாஸ்காரர்.

"மேஜையில உக்காந்துட்டா யாரும் யாருக்கும் பொண்டாட்டி இல்ல."

வருடா வருடம் நெப்ராஸ்காவிலிருந்து பழைய பிக்கப் வண்டியில் லாஸ் வேகாஸ் வந்து, ஒரு வாரம் முழுக்கப் போட்டி போட்டியாக போக்கர் ஆடிவிட்டுத் திரும்புவது அவர்களுடைய விடுமுறை. இருவரும் ஒரே போட்டியில் இறங்கினால், யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று தங்களுக்குள் தனியாக ஒரு பந்தயம் உண்டு. தோற்றவர் பெட்டி தூக்க வேண்டும், தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று விளையாட்டாக இருந்ததுதான். இந்த வருடம் விளையாட்டு இல்லை. தோற்பது வெண்டல் என்றால் அவர் இனி ஆயுளுக்கும் வண்டி ஓட்டக் கூடாது. தோற்பது ஆர்லீன் என்றால் அதைப் பற்றி அவள் இனி வாயே திறக்கக் கூடாது.

எல்லாம் யூட்டாவில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதால் வந்தது. கண்ணில் வெயில் அடித்தது என்றார் வெண்டல். வெயில் முதுகுப் பக்கம் இருந்தது என்றாள் ஆர்லீன். குறுக்கே வந்த லாரிக்காரன் பிரேக் போட்டதால்தான் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றாள். அங்கிருந்து இந்த ஊர் வரை வண்டிக்குள் ஒரு வார்த்தை இல்லை. விடுதி அறையில் படுக்கை விளக்கை யார் அணைப்பது என்பதற்குக்கூட ஒரு சண்டை. பந்தயத்தை முன்மொழிந்தவர் வெண்டல்தான். போக்கரில் அவள் தன்னை ஜெயிப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

காலை முழுக்க ஆடி, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தோற்று வெளியேறி, மதிய இடைவேளைக்கு முன்னால் இருவரும் ஒரே மேஜையில் வந்து சேர்ந்தார்கள். இடைவேளை முடிந்து எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஆர்லீனை மட்டும் காணவில்லை.

ஒருவழியாக வந்தாள். வெயிலில் ஓடி வந்திருக்கிறாள் என்று முகம் சொன்னது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கரைந்துபோன அடுக்கைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?"

"சாப்பிட."

"ஓடிப்போய் சாப்பிட்டியா?"

"நீ உன் சீட்டைப் பாரு கிழவா. உனக்குத் தெரிஞ்சா."

மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வெண்டலுக்குக் காது மடல் சுட்டது. அதற்குப் பிறகு அவர் வேறு யாரோடும் ஆடவில்லை. அவளோடு மட்டும்தான் ஆடினார். அவள் பந்தயம் வைத்தால் இரண்டு மடங்கு வைத்தார். அவள் ஒதுங்கினால், "பயந்துட்டா," என்று கிளீட்டஸுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அந்த ஆட்டம் வந்தது. வெண்டல் தன் இரண்டு சீட்டுகளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வழக்கமாக ஒரு தடவைதான் பார்ப்பார். இந்த முறை குனிந்து, மறுபடியும் பார்த்தார். ஆட்டின் ஏஸ், டைமன் ஜாக்கி; ஒன்றில் சிவப்பு இதயம், மற்றதில் சிவப்புக் கட்டம். நடுவில் பொதுச் சீட்டுகள் விழுந்தன: ஆட்டின் ராஜா, கிளாவர் ஜாக்கி, ஆட்டின் நாலு. பிறகு இஸ்பேட் பத்து. கடைசியாக ஆட்டின் இரண்டு. நடுவில் இருப்பதோடு சேர்த்தால் அவரிடம் இருப்பது வெறும் ஜாக்கி ஜோடி. ஆனால் நடுவில் மூன்று ஆட்டின் கிடக்கிறது; ஐந்து ஆட்டின் சேர்ந்தால் ஜோடியையும் தொடரையும் அடித்துவிடும். தன்னிடம் இன்னும் இரண்டு ஆட்டின் இருப்பதாக அவளை நம்பவைத்தால் போதும், ஓடிவிடுவாள். அவள் பயந்தாங்கொள்ளி.

"மொத்தமும்," என்றார் வெண்டல், அடுக்கை முழுவதுமாக நடுவில் தள்ளி.

ஆர்லீன் சீட்டைப் பார்க்கவில்லை. அவர் கண்களைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வேறெங்கோ ஒரு மேஜையில் யாரோ கை தட்டினார்கள்.

"ஆடறேன்," என்றாள். ராணியையும் ஒன்பதையும் திருப்பிப் போட்டாள். ஒன்பதிலிருந்து ராஜா வரை வரிசையாகத் தொடர்.

 அவளிடம் மிச்சமிருந்ததைவிட வெண்டலிடம் சற்றுதான் அதிகம். இதில் தோற்றால் கதை முடிந்த மாதிரிதான். "உன்னுதுதான். எங்கிட்ட ஒரு ஜோடி மட்டும்," என்று முனகிக்கொண்டே சீட்டுகளைத் திருப்பினார்.

மாரிசெல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாயால் என்ன சொன்னாலும் கணக்கில்லை. மேஜையில் கிடக்கும் சீட்டுதான் கணக்கு. அவள் ஐந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தினாள்.

"ஜாக்கியும் ஆட்டின் சார். அஞ்சும் ஆட்டின். நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க."

 வெண்டல் அந்த ஜாக்கியையே பார்த்தார். சிவப்பாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான். எல்லார் பார்வையும் தன் மேல் ஊர்வது தெரிந்தது. ஒரு நொடிதான் யோசித்தார்.

"தெரியும்," என்று சிரித்தார். "சும்மா அவளைக் கொஞ்சம் சந்தோஷப்படவிட்டேன்."

ஜெயித்த சீட்டை வைத்துக்கொண்டு தோற்றவன்போல நடித்து, எதிராளியை மகிழவிட்டுப் பிறகு கவிழ்ப்பதைவிடக் கேவலமான காரியம் போக்கர் மேஜையில் கிடையாது. கிளீட்டஸ் தன் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார். "கட்டின பொண்டாட்டிகிட்டயா? நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்றார். வெண்டல் அந்த வசவைச் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார். அயோக்கியன் என்ற பேர் பரவாயில்லை.

வில்லை ஒன்றும் மிச்சமில்லாமல் ஆர்லீன் எழுந்தாள். வழக்கப்படி மேஜையில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். வெண்டலுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரும் நிற்கவில்லை. எதையோ எதுவாகவோ நினைத்து ஆடி, சீக்கிரமே தோற்று வெளியேறினார். யாரும் கை கொடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே, கார்கள் வந்து நிற்கும் இடத்தில், அனல் காற்றில் ஆர்லீன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு காலைல கிளம்பறோம். நான் ஓட்டறேன்," என்றார் வெண்டல். "இனிமே நீ வாயைத் திறக்கக் கூடாது. பந்தயம்."

"இத்தனை வருஷத்துல நீ ஒருத்தரையும் அப்படி ஏமாத்தினதில்ல, வெண்டல்."

"இன்னிக்கு ஏமாத்தணும்னு தோணிச்சு. உன்னை."

"அது என்ன சீட்டுன்னு உனக்குத் தெரியல."

"தெரியும்னு சொன்னேன்ல?" என்று கத்தினார். கார்க் கதவைத் திறந்து நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் ஜெயிச்சேன். பேச்சை மாத்தாத."

அவள் கோபப்படவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

"ஓட்டறதுக்கு வண்டி இல்ல," என்றாள். "மத்தியான இடைவேளையில வித்துட்டேன். பதிவுல ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல, ஒரு கையெழுத்து போதும்னாங்க. அதான் லேட்டு."

வெண்டல் அவள் முன்னால் வந்து நின்றார். "அப்புறம் எதுக்குடி அப்படி ஓடி வந்து ஆடின?"

ஆர்லீன் எங்கேயோ பார்த்தபடி சொன்னாள்.

"நான் ஜெயிச்சிருந்தா, பந்தயத்துல தோத்து வண்டி ஓட்டறதை விட்டேன்னு ஊர்ல சொல்லியிருப்ப. கண்ணு போச்சுன்னு சொல்ல வேண்டியிருக்காது. அதுக்குத்தான் ஓடி வந்தேன்."