இறங்காத வலக்கை

அதிபர் மீதான பதவிநீக்க விசாரணையில் சாட்சி சொல்வதற்காக வினிஃப்ரெட் ஹாலோவெல் உயர்த்திய வலது கை அதன்பின் இறங்கவில்லை. சத்தியம் முடிந்ததும் உட்காரலாம் என்றார் குழுத் தலைவர். அவள் உட்கார்ந்தாள், கை மட்டும் தோளுக்கு மேலே, உள்ளங்கை முன்னோக்கியபடி, நின்றபடியே நின்றது. அன்று மாலை முழுவதும் அப்படியே பதில் சொன்னாள். பிறகு ரயிலேறி எங்கள் லாரல் ஊருக்கு வந்து, இடது கையால் கதவைத் திறந்து, பூனைக்குப் பால் வைத்தாள். மருத்துவர்கள் எலும்பையும் நரம்பையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

நடந்தது சின்ன விஷயம்தான். வெள்ளத்தில் போன பாலங்களுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியிருந்தது. அந்த மாநில ஆளுநர் தன்னைப் புகழ்ந்து பேசும்வரை அதை நிறுத்தி வைக்கச் சொன்னார் அதிபர். நிறுத்தும் உத்தரவில் கையெழுத்திட வேண்டிய நிதி அதிகாரி வினிஃப்ரெட். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பி அனுப்பினாள். கீழவை அதிபர்மேல் குற்றம் சாட்டியது. மேலவை அவரை விடுவித்தது. ஒரு வாக்குகூடக் கட்சி மாறி விழவில்லை. அதிபர் தன் காலம் முழுவதும் இருந்துவிட்டுப் போனார். பாலங்கள் பாதி கட்டப்பட்டன. ஊரில் பாதிப் பேருக்கு வினிஃப்ரெட் வீராங்கனை, மீதிப் பேருக்குத் துரோகி. வீராங்கனை என்றவர்கள் அவள் கையைப் படமெடுத்துச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் குளிர்காலத்தில் அவளுடைய கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டது, வாசலில் அதிபரின் கொடி பறக்கவிட்டிருந்த பக்கத்து வீட்டு டார்லா பிங்கம்தான்.

தினமும் காலையில் ரயிலடியில் அது நடக்கும். "இப்படி நில்லு. துரோகிக்கும் குளிருந்தானே?" என்பாள் டார்லா, கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டே. "நாட்டையே கவுத்த உனக்கு ஒரு பொத்தானைப் போடத் தெரியல." வினிஃப்ரெட் சிரிப்பாள். "நீ போட்டுவிடுவேங்கிற தைரியந்தான்." அவளைக் கண்டு கார்கள் சாலையில் நின்றன. உணவு விடுதிகளில் கூப்பிடாமலே பரிமாறுகிறவர் ஓடி வந்தார். பனி பெய்த நாட்களில் உள்ளங்கையில் பனி சேர்ந்தது. இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். அவளுடைய தம்பி கர்ட்டிஸ் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் இறைச்சிக் கூடங்களைச் சோதித்து முத்திரை குத்தும் அரசாங்கப் பணியாளன்; அதிபரின் கட்சிக்காரன். அம்மா போனபிறகு, ஆண்டுதோறும் குடும்பம் கூடிச் சாப்பிடும் நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழியை வெட்டுவது அவன் பொறுப்பு. விசாரணை நடந்த ஆண்டு, விருந்துக்கு முதல் நாள் அவள் வாசல்வரை வந்து, படியேறாமல் பேசினான்.

"ஜனங்க ஓட்டுப் போட்டது அவருக்குத்தான்க்கா. உனக்கு யாரு போட்டாங்க? புடிக்கலன்னா வேலைய விட்டுட்டுப் போயிருக்கணும்."

"வேலையில சேந்த அன்னைக்கு நான் சத்தியம் பண்ணது ஆளுக்கு இல்லடா, அரசியலமைப்புக்கு. நீயும் அதே வார்த்தையத்தானே சொன்ன?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நீதான் முடிவு பண்ணுவியா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் களைப்பாக இருந்தது. "நாளைக்கு வாடா, வான்கோழி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அவன் வரவில்லை. வான்கோழியைக் குத்திப் பிடிக்க ஒரு கையும் வெட்ட ஒரு கையும் வேண்டும். அவள் அதை அப்படியே மேசைமேல் வைத்து, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி ரொட்டி தின்றாள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முழு வான்கோழியைச் சுட்டாள். மறுநாள் அது முழுசாகவே தேவாலயத்துச் சூப்புக்குப் போனது.

அந்தச் சூப்பிலும் தகராறு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீடற்றவர்களுக்குச் சூப் ஊற்றுவது வினிஃப்ரெட்டின் வேலை. கையைப் பார்த்ததும் வரிசையில் கட்சிச் சண்டை மூண்டதால், அவளை விலக்கலாமா என்று சபை கூடியது. எங்கள் சபையில் எதையும் கைதூக்கித்தான் முடிவு செய்வோம். விலக வேண்டும் என்பவர்களைப் போதகர் எண்ணினார். அவள் கை தூக்கியிருந்தது. இருக்கட்டும் என்பவர்களை எண்ணினார், அப்போதும் தூக்கியிருந்தது. இரண்டு பக்கமும் சமம்.

"அவ கைய எண்ணக் கூடாது!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு கழிச்சுப் பாருய்யா. அதே கணக்குத்தான்" என்றாள் டார்லா. டார்லாவோ, வினிஃப்ரெட் விலக வேண்டும் என்ற பக்கம் கைதூக்கியிருந்தவள்.

கர்ட்டிஸ் மூன்றாவது வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஒருவன் தூக்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சமமானால் பழையபடியே நடக்க வேண்டும் என்பது சபை வழக்கம். ஆகவே அவள் தொடர்ந்து சூப் ஊற்றினாள். அவன் தூக்காதது பாசமா பயமா என்று ஊர் கொஞ்ச காலம் பேசியது. பாசம் என்று வைத்துக்கொண்டாள் வினிஃப்ரெட். பிறரைப் பற்றித் தெரியாத இடத்தில் நல்லதை எழுதிக்கொள்வது கர்த்தருக்குப் பிரியமானது என்று அவள் நம்பினாள்.

அடுத்த தேர்தலில் மற்றக் கட்சி வென்றது. வினிஃப்ரெட் வாக்களித்த கட்சி. புதிய அதிபர், தன் நண்பருடைய இறைச்சிக் கூடங்களில் மட்டும் சோதனை வேண்டாம், முத்திரை மட்டும் போதும் என்றார். கெட்டுப்போன இறைச்சியில் முத்திரை குத்த மாட்டேன் என்றான் கர்ட்டிஸ். மறுபடி விசாரணை, மறுபடி அதே மண்டபம். முன்பு அதிபரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்றவர்கள் இப்போது இல்லை என்றார்கள். இல்லை என்றவர்கள் உண்டு என்றார்கள். பேச்சுத் தாள்களை மாற்றிக்கொண்டதுபோல் இருந்தது. கர்ட்டிஸ் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தான். அது இறங்கவில்லை. மேலவை இந்த அதிபரையும் விடுவித்தது.

வினிஃப்ரெட்டின் நண்பர்கள் சிலர் அவள் வீட்டுக்கு வந்து, தம்பி விலைபோனவன் என்று அறிக்கை விடச் சொன்னார்கள். அவள் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, தன் பழைய சட்டைகளை எடுத்துப் பார்த்தாள். பிறகு கர்ட்டிஸ் அளவில் இரண்டு சட்டைகள் வாங்கி, வலது தோளில் தையலைப் பிரித்து, தூக்கிய கையோடு மாட்ட ஏதுவாகக் கொக்கி வைத்துத் தரும்படி டார்லாவிடம் கொடுத்தாள். தபாலில் அனுப்பினாள். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று எழுத அவளுக்கு உரிமை இருந்தது என்பதை ஊர் இன்றும் ஒப்புக்கொள்கிறது.

நன்றியறிதல் நாளன்று கர்ட்டிஸ் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். படியேறினான். சமையலறை வாசலில் நின்று வான்கோழியைப் பார்த்தான்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிக்கா தூங்குற?" என்று கேட்டான்.

"இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படு. முதுகுக்கு ஒரு தலகாணி வையி. தோள் வலிச்சா வெந்நீர் ஒத்தடம் குடு" என்றாள் அவள். "முள்கரண்டிய நான் புடிக்கிறேன். நீ வெட்டு."

அவள் இடது கையால் குத்திப் பிடித்தாள். அவன் இடது கையால் வெட்டினான். துண்டுகள் சில தடியாகவும் சில கந்தலாகவும் விழுந்தன. பூசணிப் பணியாரத்தோடு உள்ளே வந்த டார்லா, கைதூக்கி நின்ற இருவரையும் பார்த்து, "யாருகிட்ட சரணடைஞ்சீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு, தட்டுகளை எடுத்து வைத்தாள். ஜெபம் சொல்லும்போது அக்காவும் தம்பியும் மேசைக்குக் குறுக்கே இடக்கைகளைப் பற்றிக்கொண்டார்கள். பிறகு கறி ஆறுவதற்குள் சாப்பிட்டார்கள்.