தயாபரனை யாரும் கைதுசெய்யவில்லை

ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோவையே போதைத் தூளுக்காக விற்றுவிட்ட தயாபரன், ஒருநாள் தானாகவே, "அக்கா, என்னால முடியல. எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துவிடு" என்றான். நமுனுகுலயில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் இராக்கம்மா, அவன் மனம் மாறுமுன் அவனைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சிகிச்சை நிலையத்தில் கையை விரித்தார்கள். "கோர்ட்டு அனுப்புறவங்களுக்கே இடம் பத்தலம்மா. தானா வந்தா எடுக்க முடியாது."

அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனாள். "ஐயா, இவனப் புடிச்சுக்கங்க."

சார்ஜன் தயாபரனின் சட்டைப்பையைத் துழாவினார். ஒரு சீப்புதான் அகப்பட்டது. "சாமான் இல்லாம எப்பிடிம்மா புடிக்கிறது? நல்ல பையனா இருக்கான், கூட்டிட்டுப் போங்க." நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பனடோல் மாத்திரையும் கொடுத்தார்.

இராக்கம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. தம்பியை முன்னால் நடக்கவிட்டு, அவன் வழக்கமாகத் தூள் வாங்கும் ஆளிடம் போய் நின்றாள்.

"உங்களப்போல ஆளுக்கு நான் விக்கிறதில்லக்கா. பாவம்."

"எந் தம்பிக்கு விக்கும்போது வராத பாவம் இப்ப எங்கருந்துடா வந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான்.

பொட்டலத்தைத் தம்பியின் பையில் வைத்துப் பிடித்துக்கொடுப்பதுதான் திட்டம். ஆனால் அவன் கண் அதைவிட்டு அகலவே இல்லை. பொலிஸ் வாசல்வரை தானே வைத்திருப்போம் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு கான்ஸ்டபிள் பார்த்துவிட்டான்.

"அது என்னோடதுங்க! என்னையப் புடிங்க!" என்று கத்தினான் தயாபரன்.

"இருந்தது அவங்க கையிலதானே" என்றான் கான்ஸ்டபிள்.

நீதவான் இரக்கமுள்ளவர். முதல் குற்றம், சிறை வேண்டாம், சிகிச்சைக்குப் போகட்டும் என்றார்.

"நான் வெத்திலகூடப் போடறதில்லங்க" என்று இராக்கம்மா அழுதாள்.

"ஆரம்பத்துல எல்லாரும் இப்பிடித்தாம்மா சொல்லுவாங்க" என்று ஆலோசகர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வாராவாரம் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வரவேண்டும் என்பது அங்கே விதி. தயாபரன் வந்தான். நோயாளி கல்லுப்போல உட்கார்ந்திருக்க, துணைக்கு வந்தவன் மூக்கொழுக உதறிக்கொண்டிருப்பதை டாக்டர் றுஸைனா முதல் நாளே கவனித்தார். விதிகளை ஒருமுறை புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"துணைக்கு வந்தவருக்குச் சுகமில்லாட்டி பாக்கக்கூடாதுன்னு இதுல எங்கயும் இல்லயே. தம்பி, இங்கால வாங்க."

நடுவில் ஒருமுறை மறுபடியும் தூளைத் தொட்டுவிட்டான். அன்று இராக்கம்மா அவனைத் திட்டித் தீர்த்தாள். டாக்டர் திட்டவில்லை, அடுத்த வாரமும் வரச்சொன்னார். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அப்புத்தளையில் வாடகை ஆட்டோ ஒன்றும் கிடைத்தது.

தோட்டத்தில் இராக்கம்மாவுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். போதையை வென்ற வீராங்கனை என்று கங்காணி மாலை போட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமென்று எழுந்தவள் கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில், தேறிய கன்னங்களோடு, தயாபரன் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க, ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.