ஈயம் வைக்காத ஜாயின்ட்

டெஸ்டர் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பேர் அல்ல. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெருவே கூடி முடிவு செய்துவிட்டது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மட்டும்தான் பார்ப்பான். யாராவது பெட்ரோல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "நான் கண் டாக்டருங்க, என்கிட்ட பல்லைக் காட்டாதீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவான். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம் என்று அவனே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஊரும் நம்பியது. அவனும் நம்பினான், அதுதான் வினை.

காலை பத்து மணிக்கு ஒரு லோடு ஆட்டோ கடை முன் வந்து நின்றது. வெள்ளை ஸ்கூட்டர் ஒன்றை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். இடப்பக்கக் கண்ணாடி இல்லை. முன்பக்கப் பலகையில் மேலிருந்து கீழ்வரை விரிசல். சாவித் துவாரத்துக்குள் சாவி பாதியில் உடைந்து அப்படியே சிக்கிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"வண்டி ஆன் ஆகலண்ணா."

"எத்தனை நாளா சும்மா நிக்குது?"

"எட்டு மாசம்."

டெஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "எட்டு மாசமா? பாட்டரி வண்டியை எட்டு மாசம் மூலையில போட்டா அது என்னத்துக்கு ஆகும்? இதைப் பாத்துக்க வீட்டுல ஆம்பளைங்க யாருமே இல்லையா?"

"இல்லண்ணா. ஓட்டினவர்தான் போயிட்டார்" என்றாள் அவள்.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிளாஸ்டிக் நாற்காலியைத் துணியால் துடைத்து அவளுக்குப் போட்டான். அவள் உட்காரவில்லை. வண்டியின் முன்னால் இருந்த கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு இது ஓட வேண்டாம். இந்தத் திரை எரிஞ்சா போதும். சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு ஒரு நம்பர் வருமே, அதைப் பார்க்கணும்."

"நம்பரைப் பாத்து என்னம்மா பண்ணப் போறீங்க?"

அவள் சொன்னாள். வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு ப்ளக்தான். கணவர் இறந்த அன்றைக்குக் காலையில் துணி தேய்ப்பதற்காக வண்டிச் சார்ஜரைப் பிடுங்கினாள். தேய்த்து முடித்ததும் திரும்பச் செருக மறந்துவிட்டாள். கணவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது பாலத்து இறக்கத்தில், நடு ரோட்டில் வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டது. பின்னால் லாரி.

"லாரிக்காரர் என்கிட்டயே அழுதுக்கிட்டுச் சொன்னார். முன் லைட்டு பின் லைட்டு எல்லாம் ஒரே நேரத்துல அணைஞ்சிடுச்சு, இருட்டற நேரம், எனக்கு ஆளே தெரியலன்னு. சார்ஜ் தீர்ந்துதான் நின்னிருக்கு. நான்தான் பிடுங்கினேன்."

"சார்ஜ் தீர்ந்தா அப்படி நிக்காதும்மா. முதல்ல வேகம் குறையும், அப்புறம் மெதுவா..."

"எல்லாரும் ஆறுதலுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு ஆறுதல் வேண்டாம். நம்பர் வேணும்."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினாள். "சில நாள் இந்தத் திரை அதுவா எரியும். பட்டப்பகல்ல. கண் சிமிட்டற நேரம்தான். நான் ஓடிப்போய்ப் பார்க்கறதுக்குள்ள அணைஞ்சிடும். அவன் வந்துட்டுப் போறான்னு என் மாமியார் விழுந்து கும்பிடறாங்க. எனக்கு அப்படித் தோணல. ஏன்டி பிடுங்கினேன்னு என்னைக் கேக்கத்தான் வர்றார்னு தோணுது. எட்டு மாசமா அந்தக் கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முதுகு கூசுது."

டெஸ்டருக்கும் கையில் மயிர் சிலிர்த்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சீட்டைத் திறந்தான். அடியில் அவன் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அதைப் பாத்துட்டுத்தான் இங்க கொண்டுவந்தேன்" என்றாள். "வேற ஒரு மெக்கானிக் பார்க்காமலே பாட்டரி போச்சுன்னு சொல்லிட்டார். நீங்க ஏற்கெனவே தொட்ட வண்டின்னா உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அந்த ஸ்டிக்கர் ஊரில் பாதி வண்டிகளில் இருந்தது. பஞ்சர் பார்த்தால்கூட ஒன்று ஒட்டிவிடுவான். இந்த வண்டியை எப்போது பார்த்தோம் என்று யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

வேலையில் இறங்கினான். சீட்டுக்கு அடியில் மெயின் சுவிட்ச் மேலே பார்த்தபடி, ஆனில்தான் இருந்தது. மீட்டரைப் பாட்டரியில் வைத்தான். எண் நன்றாகவே ஏறியது. பாட்டரி சாகவில்லை. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கம்பி முழுசாக இருந்தது. சாவி உடைந்தாலும் ஆன் நிலையில்தான் உடைந்திருந்தது. சுவிட்ச் வரைக்கும் கரண்ட் வருகிறது. அதைத் தாண்டிச் சாவிக்குப் போகவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

அந்த நேரம் தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. கடைத் தரை அதிர்ந்தது. திரை பளிச்சென்று எரிந்தது. எரிந்த வேகத்தில் அணைந்தது.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்துக் கடையிலிருந்து தையல்கார அக்கா கத்தினாள். "ஏய் டெஸ்டரு, என்னடா அது, கண்ணைத் திறந்து மூடுது?"

"லூஸ் கனெக்‌ஷன்க்கா. நீங்க காஜா எடுங்க" என்று அதட்டினான். சத்தம் வழக்கம்போல் வரவில்லை. லாரி போனால் அதிர்கிறது, அதிர்ந்தால் ஒயர் தொடுகிறது, தொட்டால் எரிகிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவளிடமும் அதையே சொன்னான். "உங்க வீட்டுப் பக்கம் பெரிய வண்டி போகுமா?" "போகும்." "அப்ப அதான்." அவள் தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அக்கா கடையில் உட்கார வைத்துவிட்டு, முன்பக்கப் பலகையைக் கழற்றினான்.

உள்ளே ஒயர்க் கொத்து. அதில் சிவப்பு ஒயரில் பச்சை டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். டேப்பின் நுனி உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது.

அந்த மடிப்பை அவன் ஒருவன்தான் விடுவான். அடுத்து பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவான். வேறு மெக்கானிக் எவனுக்கு இந்த அக்கறை இருக்கிறது என்பான்.

அந்த மடிப்பைப் பிடித்து இழுத்தான். சுலபமாக வந்தது. உள்ளே இரண்டு ஒயரையும் முறுக்கித்தான் விட்டிருந்தது. ஈயம் வைக்கவில்லை. சால்டரிங் இரும்பு சூடாக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் பண்ணவில்லை. குலுங்கிக் குலுங்கி முறுக்கு தளர்ந்து ஒன்றை ஒன்று விட்டிருந்தது.

வண்டிக்காரர் முகம் நினைவுக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம், விடாமல் அடித்த ஒரு போன், அவ்வளவுதான் மங்கலாக வந்தது. அவர் அவசரப்படுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். அவசரப்படுத்தாமல் நான் ஈயம் வைக்காமல் விடுவேனா? நானா? அப்படி நினைத்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது. ஆனால் அந்த வெள்ளை வண்டி அவன் முன்னால் உடைந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தது. பட்டப்பகலில், ஆள் நடமாடும் தெருவில், அதைத் தனியாகப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

கட்டரை எடுத்தான். ஜாயின்ட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் போட ஒரு நிமிடம் போதும். மோதியதில் அறுந்துபோச்சு என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கட்டரின் வாயை ஒயரில் வைத்தான். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு கட்டரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நுனியையும் விரலால் சேர்த்துப் பிடித்தான்.

திரை எரிந்தது. இந்த முறை அணையவில்லை.

"அம்மா, வாங்க" என்றான்.

அவள் ஓடிவந்தாள். திரையில் நாற்பத்தாறு சதவீதம் என்று காட்டியது. அவள் குனிந்து படித்தாள். விரலால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"இது இப்பவா, அப்பவா?"

"ஒயர் விட்டுக் கிடந்ததால பாட்டரி செலவாகலம்மா. அப்ப இன்னும் ஒண்ணு ரெண்டு கூடவே இருந்திருக்கும். இவ்வளவு சார்ஜ்ல இன்னொரு தடவை போயிட்டு வரலாம்."

"அப்போ நான் இல்ல" என்றாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தையல்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளையாக, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அழுகை ஓய்ந்ததும் அவள் நிமிர்ந்தாள். "அப்போ ஏன் நின்னுச்சு?"

"அது... மோதினதுல ஒயர்..."

"மோதறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சுண்ணா. அதனாலதான் மோதினாங்க."

டெஸ்டர் இன்னும் அந்த இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். விட்டான். திரை அணைந்தது.

"இது நான் போட்ட ஜாயின்ட். ஈயம் வச்சிருக்கணும். வைக்கல. சும்மா முறுக்கி விட்டுட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். யாரும் கேட்காமலே மேலும் பேசினான்.

"அவரும் அவசரப்பட்டார்ம்மா. போன் மேல போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஈயம் வச்சுடறேன்னு சொன்னேன். நிக்கல."

"எப்போ இது? என்னைக்கு?"

"நாள் ஞாபகம் இல்ல. சாயங்காலம். அஞ்சரை இருக்கும். கடை சாத்தற நேரம்."

அவள் முகம் வெளிறிப்போனதை அவன் கண்ணால் பார்த்தான்.

"அன்னைக்குத்தான். அன்னைக்கு அவர் இங்க வந்திருக்கார். என்கிட்ட சொல்லல. வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்னு மட்டும்தான் சொன்னார். வீட்டுச் சாவி அவர் பையில இருந்துச்சு. மாமியாரும் ஊர்ல இல்ல. நான் பூட்டின வாசல்ல நின்னுக்கிட்டு போன் அடிச்சேன். ஏழு தடவை அடிச்சேன். எங்கதான் தொலைஞ்சீங்கன்னு கத்தினேன்." பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னாள்: "நான் போன் பண்ணாம இருந்திருந்தா நின்னிருப்பார். அஞ்சு நிமிஷம்."

ஒரு பாரத்தை இறக்கிவைத்த கையோடு அடுத்ததைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். தூக்கிக் கொடுத்தவன் அவன்தான். இனி அவன் சும்மா இருந்தால் போதும். அவளே சுமந்துகொண்டு போய்விடுவாள். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை.

ஏழு தடவை என்று அவள் சொன்னதும் அவனுக்கு அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிட்டார். கறுப்புப் பை, சோடாபுட்டிக் கண்ணாடி, இதே நாற்காலி. போன் அடிக்க அடிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாமே வந்துவிட்டது, வராமல் இருந்திருக்கலாம்.

"நான் பொய் சொன்னேன்மா" என்றான் டெஸ்டர்.

"எது பொய்?"

"அவர் அவசரப்படல. நான் நிக்கச் சொல்லவே இல்ல. போனைக் காட்டி, 'வீட்டம்மா வெளியில நிக்கறாங்க, சாவி என்கிட்ட. நிக்கட்டும், பத்து நிமிஷத்துல என்ன தேய்ஞ்சா போயிடுவா? நீங்க நிதானமா நல்லாப் பாத்துக் குடுங்க'ன்னார். நான்தான் இரும்பை எல்லாம் எடுத்து வச்சுட்டேன், மறுபடி எடுக்கச் சோம்பல். டீ குடிக்கப் போகணும். 'போங்க சார், பத்து வருஷத்துக்கு அசையாது'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்க போன்ல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் என் கைதான்."

அவள் எழுந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"உங்களை நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

"சரிம்மா."

"போலீஸ்ல வந்து இதைச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"நிக்கட்டும்னா சொன்னார்?"

"ஆமாம்மா. சிரிச்சுக்கிட்டே."

"தேய்ஞ்சா போயிடுவான்னு?"

"ஆமா."

அவள் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

டெஸ்டர் சொன்னான். பாதியில் குரல் உடைந்தது. அவள் விடவில்லை, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.